வீக்கம் சொல்லும் வரலாறு

காங்கேயத்துச் சீமையில் பிறந்தவர்களுக்கு மாடு பார்க்கத் தெரியும் என்பார்கள். சந்தையில் ஒரு காளையின் முன்னே நின்றால் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார்கள்; சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்வார்கள்; வயிறு நிறையத் தண்ணீர் காட்டி வாட்டத்தை மறைத்துக் கொண்டுவந்த மாட்டைத் தொலைவில் நின்றே கண்டுகொள்வார்கள். அத்தகைய ஊரிலே பிறந்து வளர்ந்த நான், என் வகுப்பில் இருந்த ஒரு சிறுவனுடைய உடம்பைப் பார்க்கத் தெரியாமல் ஏமாந்தேன். இன்று நோய்களின் வரலாற்றைப் பற்றிப் பேச முன்வந்த நான், அந்த ஏமாற்றத்திலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

1986-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு தொடக்கப் பள்ளியில் நான் பணியேற்ற புதிது. மூன்றாம் வகுப்பில் மெலிந்த பையன் ஒருவன் இருந்தான். இரண்டு மூன்று வாரங்களில் அவன் கன்னம் உருண்டு, கைகால்கள் திரண்டு வருவதைக் கண்டேன். பள்ளியில் போடுகிற சத்துணவு அவன் உடம்பில் ஒட்டிவிட்டது என்று மகிழ்ந்து, வகுப்பார் முன்னிலையில் அவனைப் பாராட்டவும் செய்தேன். அவனுடைய தாயார் ஒரு நாள் பள்ளிக்கு வந்தபோது, "பையன் இப்பத்தானுங்க சதை போட்டிருக்கிறான்" என்று பூரிப்போடு சொன்னார். இருவரும் சேர்ந்தே ஏமாந்தோம்.

தடுப்பூசி போடுவதற்காக ஒரு நாள் சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் ஒருவர் வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றனர். அந்தப் பையனின் முறை வந்ததும் ஊசியை வைத்துவிட்டு, அவனை உட்காரச் சொன்னார். அவன் புறங்காலில் தம் கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தினார். பின்பு விரலை எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. "சார், இது சதை இல்லை, நீர்" என்றார். மறுநாள் காலையில் சுகாதார நிலையத்தில் அவனுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சாராய விளக்கில் காய்ச்சினார்கள். தெளிந்திருந்த நீர், முட்டையின் வெண்கரு வெந்தாற்போல வெளுத்துத் திரண்டது. இரண்டொரு துளி அசெட்டிக் அமிலம் விட்டும் அத்திரட்சி கரையவில்லை. சிறுநீரகக் கோளாறு என்று கோவைக்கு அனுப்பினார்கள். பல வாரச் சிகிச்சைக்குப் பிறகு பையன் திரும்பினான். பழையபடி மெலிந்திருந்தான். அவனுடைய மெய்யான உடம்பை அப்போதுதான் கண்டோம்.

அந்தச் செவிலியர் செய்தவை இரண்டே: விரலால் அழுத்தினார், சிறுநீரைக் காய்ச்சினார். இவ்விரண்டுக்கும் பின்னால் பெரியதொரு வரலாறு நிற்கின்றது என்பதை நான் பின்னாளில் படித்தறிந்தேன். செவிலியர் பயிற்சி பெறும் மாணவ மாணவியர்க்கும், பொதுவாகக் கல்வி கற்கும் இளைஞர் அனைவர்க்கும் அவ்வரலாற்றைச் சொல்லுதலே என் நோக்கம்.

பண்டை நாளில் உடல் வீக்கத்தையே ஒரு நோயாகக் கருதினர். நம் நாட்டில் வயிறு பருத்து நீர் கோத்தலை மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் அழைத்தனர். சித்த மருத்துவர்கள் எண்வகைத் தேர்வுகளுள் ஒன்றாகச் சிறுநீரைச் சோதித்தனர். நீரின் நிறத்தையும் மணத்தையும் பார்த்தனர். அதன்மேல் எண்ணெய்த் துளியிட்டு அது பரவும் வகையையும் நோக்கினர். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் இம்முறையைச் சொல்வன. உடலின் உள்ளே நடப்பதற்குச் சிறுநீர் ஒரு சாட்சி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பது தெளிவு. ஆனால் எந்த உறுப்புக்கு அது சாட்சி சொல்கிறது என்பதை அறிவதற்கு, இறந்தாரின் உடலைத் திறந்து பார்த்து ஒப்பிடும் வழக்கம் வேண்டியிருந்தது. அவ்வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிய பிறகே அடுத்த படி எடுத்து வைக்கப்பட்டது.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் வீக்கத்துக்கு ஒரே பெயரும் ஒரே மருத்துவமுமே இருந்தன. குருதியை வெளியேற்றுவார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள். 1785-இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர், ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். அவ்விலையை உண்ட வீக்க நோயாளிகள் சிலருக்கு நீர் ஆறாகப் பிரிந்து வீக்கம் வடிந்தது. வேறு சிலருக்கோ சிறிதும் பயனில்லை. மருந்து ஒன்றே, வீக்கமும் ஒன்றே. பயன் மட்டும் ஏன் வேறுபட்டது? அவ்விலை இதயத்தின் மேல் வேலை செய்வது. இதயம் தளர்ந்ததால் வீங்கியவர்களுக்கு அது உதவியது; மற்றவர்களுக்கு உதவவில்லை. வீக்கம் என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுவான முகம் என்னும் உண்மை இவ்வாறு மெல்ல வெளிப்படலாயிற்று.

அந்த முகத்திரையை நன்றாக விலக்கியவர் ரிச்சர்டு பிரைட். இவர் 1789-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து, இலண்டனில் உள்ள கய்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். வீக்கத்தோடு வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். சிலருடைய நீர் தெளிவாகவே கொதித்தது. சிலருடையது வெண்கருவைப்போல் திரண்டது. நீரில் இவ்வாறு திரளும் பொருள் உண்டென்பது அவருக்கு முன்பே சிலர் அறிந்த செய்திதான். பிரைட் அதனோடு நிற்கவில்லை. திரண்ட நீரையுடைய நோயாளிகள் இறந்தபோது அவர்களின் உடலைத் திறந்து பார்த்தார். அவர்களுடைய சிறுநீரகங்கள் சிதைந்திருக்கக் கண்டார். வீக்கம், திரளும் நீர், சிதைந்த சிறுநீரகம் என்னும் மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து 1827-இல் நூலாக வெளியிட்டார். மருத்துவ நூல்களில் நெடுங்காலம் சிறுநீரக நோய்க்குப் 'பிரைட் நோய்' என்றே பெயர் வழங்கிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் 1986-இல் செய்த சோதனை, பிரைட்டின் கரண்டிக்கு நேர் வாரிசு.

ஏறக்குறைய அதே காலத்தில் கல்லீரலின் பங்கும் தெரியவந்தது. இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயைக் கண்டுபிடித்த இரெனே லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர், 1819-இல் வெளிவந்த தம் நூலில், சுருங்கி இறுகி மஞ்சள் பாய்ந்த ஒரு கல்லீரலை விவரித்து அதற்குச் சிரோசிஸ் என்று பெயரிட்டார். மஞ்சட்பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். அந்நோயாளிகளுக்கு வயிற்றில் நீர் கோக்கும். ஆயினும் காய்ச்சினால் சிறுநீர் பெரும்பாலும் திரளுவதில்லை. ஆகவே வீக்கத்துக்கு இதயம் ஒரு வாயில், சிறுநீரகம் ஒரு வாயில், கல்லீரல் மற்றொரு வாயில் என்பது உறுதியாயிற்று.

இனி, இவ்வேறுபட்ட உறுப்புகள் கெட்டால் ஏன் ஒரே வகையான வீக்கம் வர வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தந்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். இவரும் அதே கய்ஸ் மருத்துவமனையின் கல்லூரியில் பயின்று, அங்கேயே கற்பித்தவர். 1896-இல் அவர் வெளியிட்ட கருத்தை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே விளக்கலாம்.

கோடைக் காலத்தில் மண்பானையில் நீர் வைத்தால் புறத்தே கசிகின்றது அன்றோ? நம் உடலின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களும் அத்தகையன. இதயம் தள்ளுகின்ற விசையால் அவற்றின் சுவர் வழியே நீர் வெளியே கசிகிறது. அது முழுவதும் வெளியே நின்றுவிட்டால் நாமெல்லாரும் வீங்கிப் போவோம். அந்நீரைப் பெரும்பகுதி உள்ளே பிடித்து வைப்பது எது? மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டு வைத்தால் உப்பு நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதை அடுக்களையில் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் குருதியில் கரைந்துள்ள ஆல்புமின் என்னும் புரதம் நீரைத் தன்பால் இழுக்கின்றது. தள்ளும் விசை ஒருபுறம். இழுக்கும் விசை மறுபுறம். இரண்டும் ஒத்திருக்கும் வரையில் உடல் உடலாக இருக்கும். மிச்சமாகக் கசியும் சிறிதளவு நீரை நிணநீர்க் குழாய்கள் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

ஆல்புமின் என்னும் இப்பொருளின் பயணத்தைத் தொடர்ந்து சென்றால், குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றின் நோய்களையும் ஒரே பாடமாகப் படித்துவிடலாம். உணவிலுள்ள புரதத்தை இரைப்பையும் கணையமும் சிறுகுடலும் சிறு கூறுகளாகப் பிரித்துக் குருதிக்குள் அனுப்புகின்றன. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் அக்கூறுகளைக் கொண்டு நாள்தோறும் பத்துக் கிராமுக்கு மேல் ஆல்புமினை உண்டாக்குகிறது. குருதியில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் ஐந்து கிராம் வரை அது நிற்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டு மற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு நீர் வடிந்தும் ஆல்புமின் நழுவிச் செல்ல அவை இடங்கொடுப்பதில்லை.

ஆகவே புரதம் உணவில் வாராவிட்டாலும், குடல் ஏற்காவிட்டாலும், கல்லீரல் ஆக்காவிட்டாலும், சிறுநீரகம் காவாவிட்டாலும் முடிவு ஒன்றே: குருதியில் ஆல்புமின் குறையும், நீர் வெளியே தங்கும். என் மாணவனுக்கு நேர்ந்தது நான்காவது குறை. அவ்வகைச் சிறுவர்களின் வடிகட்டியில் உள்ள நுண்ணிய இழைக்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிடுகின்றன என்பதை 1950-களில் மின்னணு நுண்ணோக்கி காட்டியது.

ஆனால் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆல்புமின் குறைவு ஒன்றே முழு விடையன்று. நோயுற்ற சிறுநீரகம் உப்பையும் தேக்கி வைக்கிறது. உப்புத் தேங்கினால் நீரும் தேங்கும். கல்லீரல் இறுகினால் குடலிலிருந்து அதற்கு வரும் பெருங்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. மடை அடைத்த வாய்க்கால் கரை கசிவதுபோல வயிற்றில் நீர் கோக்கிறது. அந்நிலையிலும் சிறுநீரகம் உப்பைத் தேக்கவே செய்யும். இத்தகைய நோயாளிகளின் உணவில் உப்பைக் குறைப்பதற்குக் காரணம் இதுவே. சொறி சிரங்கோ தொண்டைப் புண்ணோ வந்த சில வாரங்களுக்குப் பின் பிள்ளையின் முகம் உப்பி, நீர் தேயிலைச் சாயம்போல் இறங்கினால், அது சிறுநீரக அழற்சி. அங்கே ஆல்புமின் இழப்பைவிட உப்பும் நீரும் தேங்குதலே முதற்காரணம். இரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

இதுவரை வரலாறு இலண்டனிலும் பாரிசிலும் நடந்தது. அடுத்த அத்தியாயம் நம் கொங்கு நாட்டின் வாயிற்படியிலேயே நடந்தது என்பதைப் பலர் அறியார்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிக் கல்லாற்றைக் கடந்து மேலே சென்றால் குன்னூரை அடைகிறோம். அங்கே 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருந்து வருகிறது. 1918-இல் அந்நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயச் சிறு ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர். பெரிபெரியின் ஒரு வகையில் கால்கள் வீங்கும், மூச்சு முட்டும். அவ்வீக்கத்தில் சிறுநீரகம் குற்றவாளியன்று, கல்லீரலும் அன்று. அரிசியின் தவிட்டோடு போய்விட்ட ஓர் உயிர்ச்சத்தின் குறைவால் இதயமும் குருதிக் குழாய்களும் தளர்ந்து அவ்வீக்கம் வருகிறது. வீக்கத்தின் காரணம் உறுப்பைக் கடந்து, உண்கலத்துக்கே வந்து சேர்ந்தது.

சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் தலைமையேற்ற வாலஸ் ஐக்ராய்டும் அவர்தம் துணைவரும் குன்னூரில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். நம் பாட்டிமார் நெல் அவித்தது வழக்கத்தால். அவ்வழக்கத்தின் காரணத்தைக் கண்டது குன்னூர்.

மெக்காரிசன் குரங்குகளுக்கும் புறாக்களுக்கும் சத்துக் குறைந்த உணவைக் கொடுத்து, குடலின் சுவர் மெலிந்து அழற்சியுறுவதைக் கண்டார். எலிகளுக்கு உணவை மாற்றிக் கொடுத்து, சிறுநீர்ப்பையில் கல் உண்டாகுமாறு செய்து காட்டினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்கு அளித்தபோது, கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவை உண்டவை பின்தங்கின. நமக்கு வருத்தந்தரும் முடிவுதான், ஆயினும் உண்மை. அந்த ஓரறை ஆய்வகம் 1928-இல் உணவுச் சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

குன்னூரில் தொடங்கிய அம்மரபில் வந்தவர் டாக்டர் சி. கோபாலன். ஆய்வகம் பிறந்த அதே 1918-இல் சேலத்தில் பிறந்தவர்; நூறாண்டு வாழ்ந்து 2019-இல் மறைந்தவர். அவர் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று, ஏழைக் குழந்தைகளின் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி, ஈரல் பருத்து வரும் நோய். இதனை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். இன்றைய கானா நாட்டில் பணிபுரிந்த அவர், 1933-இல் இதனை விவரித்து, 1935-இல் அவ்வூர் மக்கள் வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்னும் பெயரையே இதற்குச் சூட்டினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மடியினின்று இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இப்பொருளைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நம் தமிழில் 'சவலை' என்று ஒரு சொல் இருக்கிறதே! தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறுக்கப்பட்டு வாடும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டதில்லையா? கடல் கடந்த இரு நாட்டுத் தாய்மார், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே காரணத்தைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். பெயரில் காரணம் இருந்தது. காரணத்தின் உள்வழியை அறியத்தான் ஆய்வகம் வேண்டியிருந்தது.

கோபாலனும், நோய்க்கூற்று அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் 1955-இல் இந்தியாவில் இந்நோயின் நிலையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். இந்நோயில் கல்லீரல் ஏன் பருக்கிறது? கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியே ஏற்றிச் செல்லப் புரதமே வண்டி. வண்டி இல்லாததால் கொழுப்பு அங்கேயே தேங்குகிறது. தக்க உணவு கிடைத்ததும் அது படிப்படியாக நீங்குகிறது. குடலின் உட்சுவரும் மெலிவதால் உண்ட சிறிதும் செரியாமல் பேதியாகிறது. பேதியால் மேலும் மெலிவு. ஒரு குறை மற்றொரு குறையைப் பெற்று வளர்க்கும் சுழல் இது.

உணவில் புரதம் மட்டும் குறைவதே இந்நோய்க்குக் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். கோபாலன் அந்நம்பிக்கையை ஐயுற்றார். ஒரே வகை உணவு உண்ட பிள்ளைகளுள் ஒரு பிள்ளை வற்றியது, மற்றொரு பிள்ளை வீங்கியது என்பதை 1960-களில் எடுத்துக்காட்டி, வயிறு நிறைய உணவே இல்லாமையே அடிப்படைக் குறை என்று வாதிட்டார். இன்றைய ஆராய்ச்சியும், ஆல்புமின் குறைவு ஒன்றைக் கொண்டே இவ்வீக்கத்தை விளக்கிவிட முடியாது என்கிறது. தொற்றுநோய்களுக்கும், குடல் நுண்ணுயிர்களின் மாற்றத்துக்கும் பங்கிருப்பதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. ஸ்டார்லிங் தந்த திறவுகோல் பல பூட்டுகளைத் திறந்தது. எல்லாப் பூட்டையும் திறக்கவில்லை. நல்ல மாணவன் இதனையும் நினைவில் வைப்பான்.

இவ்வரலாற்றை அறிவதால் நோயாளிக்கு ஆகும் பயன் யாது? மிகப் பெரிய பயன் உண்டு. வீக்கத்தையே நோயென்று கருதி நீரை இறக்க மருந்து கொடுத்தால், இதயத் தளர்ச்சியில் அது உயிர் காக்கலாம். ஊட்டமின்றி வீங்கிய குழந்தைக்கோ அதுவே உயிரைப் போக்கலாம். அத்தகைய குழந்தைக்கு நீரிறக்கும் மருந்து கொடுக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உடலைக் கதகதப்பாக வைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை உணவூட்டுவதே முறை. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு கால்கள். மருந்தோ நேர் எதிர்!

ஆதலால் காலையில் எழும்போது கண்ணிமையும் முகமும் உப்பியிருந்தால் சிறுநீரகத்தை நினையுங்கள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்து, கண் மஞ்சளித்திருந்தால் கல்லீரலை நினையுங்கள். மாலையில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் இதயத்தை நினையுங்கள். சிறு பிள்ளைக்கு இரு காலும் வீங்கி, தோலும் முடியும் மாறியிருந்தால் அவ்வீட்டு அடுப்பை நினையுங்கள். இவை தொடக்கக் குறிப்புகளே. முடிவு சொல்வது மருத்துவரின் சோதனை. ஆனால் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றுவதற்கு, முதலில் ஒருவர் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டுமே! நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்தல், குடித்த நீரையும் பிரிந்த நீரையும் அளந்து எழுதுதல் ஆகியவை எளிய எழுத்துவேலை போலத் தோன்றும். உள்ளே ஒளிந்து தேங்கும் நீரைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது அந்த எழுத்தே. ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறினால், அது சதையாக இருக்க முடியாது.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு பகுதியாகச் சொல்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவரையும் நான்காவதாக வைத்தார் வள்ளுவர். செவிலியர் தொழிலுக்கு நம் மொழியில் உள்ள பழைய நற்சான்று அது.

வரலாறு மருத்துவமனையோடு முடிந்துவிடவில்லை. உண்கலமே நோய்க்கு முதல் என்று குன்னூர் காட்டிய உண்மை, பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பள்ளிகளில் பரவத் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர் முட்டையும் சேர்ந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கியது. தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில் நாள்தோறும் அவ்வுணவை முதலில் ருசி பார்த்தவன் நான். அதன் பயனை என் கண்ணால் கண்டவன்.

இன்று காலம் மாறியிருக்கிறது. சிறுநீரகங்களைச் சிதைப்பவற்றுள் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் முன்னிற்கின்றன. கல்லீரலில் கொழுப்புத் தேங்குவது இன்று மிகையாக உண்பவர்களிடமும் காணப்படுகிறது. அதனோடு மதுவும் சேர்ந்து எத்தனையோ குடும்பங்களை வாட்டுகிறது. அன்று இல்லாமை செய்த வேலையை இன்று மிகுதி செய்கிறது. ஆயினும் சோதனை அதே சோதனைதான். கரண்டிக்கும் விளக்குக்கும் மாற்றாக, நிறம் மாறும் காகிதக் கீற்று வந்திருக்கிறது. வீக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நழுவத் தொடங்கும் சிறிதளவு ஆல்புமினை இன்றைய ஆய்வகங்கள் அளந்து சொல்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில், மயிலைக் காளை ஒன்றின் பல்லை நான் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சொந்தக்காரர் என்னை உற்றுப் பார்த்து, "வாத்தியாருங்களா?" என்றார். அன்று நான் பாராட்டிய அந்தப் பையன்தான்; நடுவயதினராக நின்றார். மருத்துவர் வரச் சொன்ன போதெல்லாம் சென்று, சில ஆண்டுகளில் முற்றும் நலமடைந்ததாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அவரைக் காத்தது என் படிப்பன்று. யாரோ ஒரு செவிலியர், வரிசையில் நின்ற ஒரு பிள்ளைக்காக அரை நிமிடம் அதிகம் செலவிட்டார், அவ்வளவே.

மாணவச் செல்வங்களே, உங்கள் முன்னே நாளை அத்தகைய வரிசைகள் பல நிற்கும். பிரைட்டின் பெயரையும் ஸ்டார்லிங்கின் ஆண்டையும் தேர்வுக்குப் பின் மறந்தாலும் மறந்துவிடுங்கள். பருத்த பிள்ளையைக் கண்டால், அது சதையா, நீரா என்று அழுத்திப் பார்க்க மட்டும் மறவாதீர்கள்.